கோபுரத்துக்கு முன் காணி உறுதி

பதுளைப் பக்கத்துத் தோட்டக் கோயில்களைப் புனரமைக்க உதவி கோரும் மடல்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. கோபுரத்தின் உயரம், கலசங்களின் எண்ணிக்கை, கும்பாபிஷேக நாள் எல்லாம் அவற்றில் இருக்கும். கோயில் நிற்கும் காணி யாருடையது என்ற ஒரு வரி மட்டும் இராது. அந்த வரி எழுதப்படும்வரை கோபுரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் வாதம்.

ஊவாத் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களை மன்னர் எவரும் கட்டவில்லை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் லயத்தருகே கல் நட்டு வழிபட்டார்கள். பின்னர் சம்பளத்தில் பிடித்த சந்தாவில் கட்டடம் எழுப்பினார்கள். நிலமோ தோட்டத்தோடு சேர்ந்தே கிடந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் கோயிலைக் கட்டியவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“துரைமார் ஒருநாளும் கோயிலைத் தடுத்ததில்லையே” என்பார்கள். இருக்கலாம். ஆனால் தயவு வேறு, உரிமை வேறு. துரை மாறினால் தயவும் மாறக்கூடும்.

“உறுதி வரும்வரை அம்மன் மழையில் நனைவதா?” நியாயமான கேள்வி. ஒழுகும் கூரைக்குத் தகடு போடுங்கள். வெடித்த சுவரைப் பூசுங்கள். அதற்குக் கொடுப்பது கடமை. நான் மறுப்பது கோபுரத்தை மட்டுமே.

காணிப் பிரச்சினை காகிதத்தோடு முடிவதுமில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அங்கே ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தம் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவர்கள் எங்கே எழுந்து போவார்கள்? அத்தகைய சரிவில் கொங்கிரீட் கோபுரம் ஏற்றுவதைப் பக்தி என்று என்னால் சொல்ல இயலாது.

ஆகவே, உலகெங்கும் பரந்து வாழும் அன்பர்களே, காசோலை எழுதுமுன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: காணி உறுதி, அல்லது அதற்குக் கொடுத்த விண்ணப்பம், நிலத்தின் உறுதிப்பாடு பற்றிய அறிக்கை, பரிபாலன சபையின் பெயர்ப்பட்டியல். பட்டியலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2024இல் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்திலிருந்து நூறு ரூபா கொடுத்தவளே பெருங்கொடையாளி. கல்வெட்டில் அமைச்சரின் பெயர் அவளுக்குப் பின்னே வரட்டும்.

அம்மனுக்காக உறுதி கேட்கப் பழகிய சபை, அடுத்து லயத்து வீட்டுக்கும் உறுதி கேட்கும். ஊவாவில் செய்யவேண்டிய திருப்பணி அதுதான்.