காத்திருக்கும் வண்டிக்கு யார் கூலி?

திருப்பூர் நெருப்பெரிச்சலில் நைட் ஷிப்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் அழுத்துவது 108. அந்த அரசு ஆம்புலன்ஸ் வேறோர் அழைப்பில் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த நினைப்பு தனியார் ஆம்புலன்ஸ். வந்ததும் வாடகைப் பேரம். 'கொள்ளைக்காரன்' என்று திட்டுகிறோம். அப்படிப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வண்டிக் கடனுக்குத் தவணை, இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம், ஆக்சிஜன் சிலிண்டர் என்று அழைப்பு வராத நாளிலும் செலவு நிற்பதில்லை. கோவைக்கு நோயாளியோடு போகும் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்புகிறது. டீசல் இருவழிக்கும் எரிகிறது. பீகாருக்கோ ஒடிசாவுக்கோ ஒரு தொழிலாளியின் உடலைக் கொண்டுபோனால் திரும்பும் தூரத்தைச் சொல்லவே வேண்டாம். அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்திடம் கறாராகக் கேட்கவும் முடியாது. 2025 செப்டம்பரில் ஆம்புலன்ஸ் வண்டிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புது வண்டி வாங்குபவருக்குச் சரி, பழையதை உருட்டிக்கொண்டிருப்பவருக்கு? பெரிய நிறுவனமே தடுமாறிய துறை இது. 108 சேவையை நடத்திய இஎம்ஆர்ஐ, 2009-ல் அதைத் தொடங்கிய சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியில் சிக்கியதும் புரவலரின்றித் தவித்து, ஜிவிகே குழுமத்தின் கைக்குப் போனது. அரசுப் பணமும் புதுக் கையும் சேர்ந்ததால் சேவை பிழைத்தது. ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தத் தாங்கல் ஏது? பனியன் கம்பெனி முதலாளிகளே, ஜெனரேட்டருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறீர்கள். நாலைந்து கம்பெனி சேர்ந்து, ஓர் ஆம்புலன்சுக்கும் மாதாமாதம் காத்திருப்புக் கட்டணம் கொடுங்கள்.