கடல் கடக்குமுன்

காசிக்கு வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஏதேனும் ஒன்றை இங்கே விட்டுச் செல்ல வேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்த வழக்கம். ஒருவர் ஒரு காயை விடுவார். மற்றொருவர் ஒரு கனியை விடுவார். இரண்டாண்டுகளுக்கு முன் வேதியியல் முதுகலை பயில இவ்வூருக்கு வந்த நான், ஒரு மயக்கத்தை விட்டேன். அதை விட்ட கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் நம் விடுதியில் ஒரே பேச்சுத்தான். "உனக்கு எந்த நாடு?" அமெரிக்கா என்பார் ஒருவர், இங்கிலாந்து என்பார் ஒருவர், ஜெர்மனி என்பார் மற்றொருவர். பிறகு தரவரிசைப் பட்டியல் வரும். நூறுக்குள் இருக்கிறதா, இருநூறுக்குள் இருக்கிறதா என்று வாதம் நடக்கும். பெண் பார்க்கப் போனவர்கள் வீட்டின் சுண்ணாம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதைதான் இது. எந்த ஆய்வுக் கூடம், எந்த ஆசிரியர், என்ன பொருள், யார் செலவு என்று கேட்பாரைக் காணோம். நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக் கழகத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் 28,000 பவுண்டு. நம் பணத்தில் 30 இலட்சத்துக்கு மேல். உணவும் உறையுளும் சேர்த்தால் 40 இலட்சத்தைத் தாண்டும். எங்களுக்குத் தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. வங்கியோ ஈடு கேட்டது. தந்தையார் தொலைபேசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நெலத்த ஈடு வச்சிருவோம்ல, நீ கலங்காத."

அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "ஏய்யா, இப்பப் படிக்கியே, இதுக்கும் அங்க போய்ப் படிக்கப்போறதுக்கும் என்ன வித்தியாசம்?"

நண்பர்களே! எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என் தாய். அவள் கேட்ட கேள்விக்கு முதுகலை மாணவனான என்னால் விடை சொல்ல முடியவில்லை. அன்றிரவு அப்பல்கலைக் கழகத்தின் பாடத்திட்டத்தை எடுத்து என் பாடத்திட்டத்தோடு வரி வரியாக ஒப்பிட்டேன். முக்காற்பங்கு நான் இங்கே படித்து முடித்ததே! ஏறி நிற்கும் படியிலேயே மறுபடி ஏறுவதற்கு 40 இலட்சமா? அதற்கு ஒரு குடும்பத்தின் வயலா?

இந்த உண்மையை எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் அலுவலகம் ஒன்றுக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். காப்பி கொடுத்தார்கள், கனிவாகப் பேசினார்கள், கட்டணம் வாங்கவில்லை. கட்டணம் வாங்காததன் காரணம் பின்னர்தான் விளங்கிற்று. மாணவன் சேர்ந்தால், அவன் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பல்கலைக் கழகமே இத்தகைய அலுவலகங்களுக்குத் தருவது பரவலான வழக்கம். மாணவனுக்குச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சி செய்விக்கும் இடங்களில் அந்தப் பங்கு ஏது? ஆகவே அந்த இடங்களைப் பற்றிய பேச்சும் அங்கே எழுவதில்லை. இதில் மோசடி என்று சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் தம் கடைச் சரக்கைத்தான் காட்டுவார். அடுத்த கடையைத் தேடிப் போவது நம் பொறுப்பு.

அந்த அடுத்த கடை இருக்கிறது. நம்மைப் போல் விஞ்ஞானத்தில் முதுகலை முடித்தவர்கள் ஜெர்மனியில் நேரே முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே விஞ்ஞானத் துறைகளில் ஆய்வு மாணவர் பலர் ஒப்பந்தம் பெற்று ஊதியம் வாங்கும் பணியாளர்கள். அமெரிக்காவில் முனைவர் படிப்புக்குச் சேர்பவருக்கு, இளநிலை மாணவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்காகவோ ஆய்வில் உதவுவதற்காகவோ உதவித்தொகை தந்து, கட்டணத்தையும் தள்ளுபடி செய்வது விஞ்ஞானத் துறைகளில் பெருவழக்கு. இளங்கலை மட்டும் முடித்த தம்பி தங்கையருக்கும் ஒரு சொல். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் 2024 முதல் கட்டணம் விதித்துள்ளது. ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என்று வகுக்கப்பட்டது. சிறு தொகையன்று; ஆனால் அது மாதந்தோறும் நம் கைக்கே திரும்பி வரும் பணம்.

"பேர் பெற்ற பல்கலைக் கழகத்தின் பட்டம் கதவுகளைத் திறக்குமே!" என்று என் அறைத் தோழர் வாதிடுகிறார். வாணிகத் துறைக்கும் நிர்வாகத் துறைக்கும் அது பொருந்தலாம், மறுக்கவில்லை. ஆய்வுக் கூடத்தில் வாழ்வைக் கழிக்க விரும்புகிறவனுக்கோ, அவன் செய்த வேலையும் அதைக் கண்ட ஆசிரியரின் சொல்லுமே பெருந்துணை. வெங்கி இராமகிருஷ்ணனைப் பாருங்கள். சிதம்பரத்தில் பிறந்து, நம்மைப் போலவே வெளி மாநிலத்தில், பரோடாவில், 1971-இல் இளங்கலை முடித்தார். 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றது ஒகாயோ பல்கலைக் கழகத்தில். நம் விடுதி விவாதத்தில் அந்தப் பெயர் ஒருநாளும் அடிபட்டதில்லை. பட்டம் பெற்றபின், தமக்கு உயிரியலே உகந்தது என்று கண்டு, சான்டியாகோவில் மறுபடியும் மாணவராய் உட்கார்ந்தார். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பெரிய பல்கலைக் கழகத்துக்குப் போனவர்களும் பெயருக்காகப் போகவில்லை. இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியது அங்கே ஹார்டி இருந்ததனால். 1930-இல் சந்திரசேகர் அங்கே சென்றது பௌலரிடம் பயில. அவருடைய கட்டுரையைச் சென்னையில் இருந்தபோதே படித்து, அதன் வழியில் சிந்திக்கத் தொடங்கியிருந்தார். முதலில் ஆள், பிறகு ஊர். இதுவே முறை என்பது என் துணிபு.

நாட்டை நம்பிப் போவதில் இன்னோர் இடரும் உண்டு. நாட்டின் சட்டம் இடையில் மாறும். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. இங்கிலாந்து அதே மாதம் முதல், பாடவழி முதுகலை மாணவர் தம் குடும்பத்தாரை அழைத்து வருவதைத் தடுத்தது. போன இடத்தில் எப்படியும் வேலை தேடிக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேர்கிறது. கற்ற வித்தையோ எந்தச் சட்டம் மாறினாலும் நம்மோடு வரும்.

போகாமல் இருப்பதும் ஒரு வழியே. அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டா. இராமன் 1928-இல் தம் பெயர் கொண்ட விளைவைக் கண்டது கல்கத்தாவில். தேசியத் தேர்வில் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்பவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பெங்களூரும் பம்பாயும் புனாவும் நம் நாட்டில்தானே இருக்கின்றன?

ஆகவே, கடல் கடக்க எண்ணும் நண்பர்கள் நான்கு வினாக்களுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்திலிருந்து அண்மையில் வந்த கட்டுரைகளை நான் படித்தேனா? அங்கே இப்போது பயிலும் மாணவர் ஒருவரோடு பேசினேனா? எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு பணம் உறுதி என்பதை எழுத்தில் பெற்றேனா? அங்கிருந்து வெளியேறியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று அறிந்தேனா? நான்குக்கும் விடை இருந்தால் புறப்படுங்கள். ஊரின் பெயரைப் பற்றிக் கவலை வேண்டா.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். இங்கிலாந்து இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். பதினொரு ஆய்வுக் கூடங்களுக்கு மடல் எழுதினேன். மூன்றிடமிருந்து பதில் வந்தது, இரண்டு மறுப்பு. ஒருவர் மட்டும், என் செய்முறை ஒன்றைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்டு எழுதியிருக்கிறார். அவற்றில் நான்குக்கு விடை எழுதிவிட்டேன். மற்ற இரண்டுக்கும் ஒரு மாதமாகக் கூடத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறேன். இடம் கிடைக்குமா, கிடைக்காதா? அறியேன். நான் பிழை செய்தேன் என்று சொல்லும் நண்பர்கள் இவ்விடுதியிலேயே உள்ளனர். நாளை அவர்கள் சொல்லே மெய்யாகவும் கூடும்.

ஆயினும், அந்த இரண்டு கேள்விகள் எனக்குக் கற்பித்திருப்பது கொஞ்சமன்று. ஊரில் நாற்று நட்டு முடிந்ததென்று நேற்றுத் தந்தையார் சொன்னார். வயல் எங்களுடையதாகவே இருக்கிறது. அம்மாவின் கேள்விக்கும் ஒருநாள் நேரான விடை சொல்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.