ஒரு சதவீதத்தை என்ன செய்தோம்?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டுப் பொறியாளர்களே கட்டியது. மலையின் சரிவும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றுபோல 11 டிகிரி என்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், வானத்தின் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் தொடரலாம். ஆன்டெனா பாடம் எடுக்கும் எங்களில் பலர் இதைப் பெருமையோடு வகுப்பில் சொல்வோம். அதே முத்தோரை பாலாடாவில்தான் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமும் இருக்கிறது. ஒரு பக்கம் வானத்தை ஆராய்கிறோம், இன்னொரு பக்கம் தோடரையும் கோத்தரையும் குறும்பரையும் ஆராய்கிறோம். அந்த மக்களின் பிள்ளைகள் தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறையில் வந்து உட்கார வேண்டும் என்ற நினைப்பு, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களான எங்களுக்கு வரவில்லை.

நீலகிரியோடு இது நிற்பதில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் அதுவும் ஒன்று. சுற்றிலும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். இருளர் பழங்குடியினர் விஷயத்திலும் இதே கதைதான். பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு விஷம் வேண்டும். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதை வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ வாங்கியபோது நாங்கள் கைதட்டினோம். பாம்பின் வாயிலிருந்து விஷம் எடுக்கும் வரை அவர்கள் வேலை, அதற்குப் பிறகு ஆய்வகத்தில் நடப்பது மற்றவர்கள் வேலை என்ற பிரிவினை எங்களில் யாரையும் உறுத்தவில்லை.

தமிழ்நாட்டில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி 7,94,697 பேர். மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 சதவீதம், இடஒதுக்கீடும் 1 சதவீதம். எண்ணிக்கைக்குச் சரியாக இடம் கொடுத்தாயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். பொறியியல் கலந்தாய்வு முடிந்து அந்த இடங்கள் காலியாகக் கிடந்தால், 'ஆள் வரவில்லை' என்பதோடு எங்கள் விசாரணை முடிந்தது. மலைப்பள்ளிகள் பலவற்றில் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் எடுக்க ஆசிரியர் இருக்கிறாரா என்று நாங்கள் போய்ப் பார்த்ததில்லை. தனியார் கல்லூரிகள் ஆள் பிடிக்க எந்த மாவட்டத்துக்கெல்லாம் எங்களை அனுப்பின என்பது தனிக்கதை. பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் மட்டும் யாரும் அனுப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாதிச் சான்றிதழ் இன்னொரு சுவர். மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்தோடு முடிகிற வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகும். போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் உண்மையான பிள்ளைதான் கோட்டாட்சியர் விசாரணைக்காக மாதக்கணக்கில் அலைகிறது. 2022 அக்டோபரில் மகனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். அன்றைக்கும் கல்லூரி வழக்கம்போல நடந்தது. 'சான்றிதழ் இல்லாமல் அட்மிஷன் போட முடியாதுப்பா' என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்புகிற எங்கள் பழக்கத்திலும் மாற்றமில்லை.

இதையெல்லாம் தாண்டி வந்துசேர்ந்த பிள்ளையை என்ன செய்தோம் என்பதுதான் எங்களால் சமாளித்துப் பேச முடியாத இடம். 2012-ல் வந்த அரசாணை 92-ன்படி, தனியார் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும். நடப்பில் பல இடங்களில் 'முதல்ல கட்டிடு, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்பார்கள். பணம் வர ஆண்டுக் கடைசி ஆகும். 'இன்னும் வரலை சார்' என்று அலுவலக வாசலில் நிற்கும் பையனைத் தாண்டித்தான் நாங்கள் டீ குடிக்கப் போனோம். அந்த அரசாணையின் நகலை எடுத்து நிர்வாகத்தின் மேசையில் வைக்க எங்களில் எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது?

முதல் ஆண்டில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாள். ஓர் அறுகோணப் பட்டகம் கிடைத்தளத்தின் மேல் ஒரு மூலையில் நிற்கிறது, அதன் அச்சு தளத்துக்கு இத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, படம் வரைக. கேள்வி ஆங்கிலத்தில், மூன்று வரிக்கு நீளும் ஒரே வாக்கியம். தமிழ்வழியில் படித்து வந்தவருக்குப் பட்டகம் தெரியாமல் இல்லை. எது எதன்மேல் நிற்கிறது, எது எதற்குச் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அந்த வாக்கியத்திலிருந்து பிடிபடாது. மேசையில் ஒரு தீப்பெட்டியைச் சாய்த்து வைத்துத் தமிழில் சொன்னால் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் 'பேஸிக்ஸ் வீக்' என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம். கிராஃபிக்ஸும் கணக்கும் அரியராக விழும், விழுந்த பிறகு விடுதியில் யாரோடும் பேச்சு குறையும், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்ப மாட்டார். வருகைப் பதிவேட்டில் சில வாரம் 'ஆப்சென்ட்' போடுவோம், பிறகு பெயரை அடிப்போம். எஸ்.சி./எஸ்.டி. செல் என்று ஒன்று கல்லூரியில் இருக்கும். நாக் தரமதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் அதன் கூட்டக் குறிப்புகள் மொத்தமாகத் தயாராகும்.

இதெல்லாம் எங்கள் சக்திக்கு மீறியது என்றும் சொல்ல முடியவில்லை. அமெரிக்கப் பூர்வகுடி அறிவியலாளர்களும் பொறியாளர்களும் 1977-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். அலாஸ்காவில் ஹெர்ப் ஷ்ரோடர் என்ற பொறியியல் பேராசிரியர், கிராமங்களின் குடிநீர், கழிவுநீர் வசதியைப் பற்றி ஆராயும்போது, அந்தப் பணிகளில் அலாஸ்காவின் பூர்வகுடிப் பொறியாளர்களே இல்லை என்பதைக் கவனித்தார். 1995-ல் ஒரு திட்டம் தொடங்கினார். கல்லூரியில் காத்திருக்காமல் அது பிற்பாடு நடுநிலைப் பள்ளிக்கே இறங்கிவந்தது. பிள்ளைகள் தங்கள் கையால் ஒரு கணினியைக் கட்டுவார்கள், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் முதல் அல்ஜீப்ரா பாடத்தில் தேறினால் அது அவர்களுக்கே சொந்தம். நாங்களும் ஐ.வி. (தொழிலகப் பார்வை) என்று பேருந்து நிறைய மாணவர்களைப் பைக்காராவுக்கும் குந்தாவுக்கும் நீர்மின் நிலையம் காட்டக் கூட்டிப்போனவர்கள்தான். டர்பைனைக் காட்டினோம், ஜெனரேட்டரைக் காட்டினோம். யாருடைய மேய்ச்சல் நிலத்தில் நீர் தேங்கியது, அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பேருந்தில் ஏன் இல்லை என்று திரும்பும் வழியில்கூடப் பேசவில்லை.

2024-ல் பச்சமலையைச் சேர்ந்த, அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதி திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் சேர்ந்தார். நாங்கள் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்த மலையிலிருந்து கீழே பார்த்தால் எத்தனை பொறியியல் கல்லூரிகள் தெரியும் என்று யோசித்திருந்தால் ஸ்டேட்டஸ் வைக்கக் கூசியிருக்கும்.

படிப்பை முடித்தவரையும் கடைசி வாசலில் மறித்தோம். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவை அரியர் கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. அதுவரை வந்த எல்லாத் தாளையும் எழுதித் தேறி, எட்டாம் பருவத்தில் வகுப்பிலேயே நன்றாக புரோகிராம் எழுதுபவர், பத்தாம் வகுப்பில் எடுத்த 54-க்காக நேர்முக அறைக்கு வெளியே நிற்பார். அந்தப் பத்தாம் வகுப்பை அவர் எந்தப் பள்ளியில், எத்தனை ஆசிரியர்களோடு படித்தார் என்று மனிதவளத் துறைக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பிளேஸ்மென்ட் அதிகாரியும் எங்களில் ஒருவர்தான். 'கம்பெனி பாலிசி சார்' என்று அவர் சொன்னதும் தலையாட்டினோம். இந்த ஆண்டும் நிறுவனங்களிடமிருந்து அந்த மின்னஞ்சல் வரும், தகுதி என்ற வரியில் 60 என்று இருக்கும். அதற்கு ஒப்புதல் அனுப்பும் முன் அந்த வரியை நீக்கும்படி எழுதிக் கேட்க யாருடைய அனுமதியும் எங்களுக்குத் தேவையில்லை.