இடிந்த கோயிலும் இருட்டுச் சுரங்கமும்

கிரேக்க நாட்டில் சூனியோன் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் யாரோ யாருக்கோ சூனியம் வைத்த ஊர் போலிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஏதென்ஸ் நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே, நிலம் முடிந்து ஏஜியன் கடல் தொடங்கும் முனைக்குத்தான் இந்தப் பெயர். அங்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில், கடல் தெய்வம் பொசைடனுக்கு ஒரு கோயில். கி.மு. 440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியது. கூரை போய்விட்டது, சுவர் போய்விட்டது. வெள்ளைப் பளிங்குத் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

சாயங்காலம் ஆனால் போதும், பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும். எல்லோரும் மேற்குப் பக்கம் திரும்பி நிற்பார்கள். சூரியன் கடலில் இறங்கும், தூண்கள் பொன்னிறமாகும், கேமராக்கள் மின்னும். ஒரு தூணில் ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயர் செதுக்கியிருக்கிறது. 1810-ஐ ஒட்டி அவர் வந்தபோது அவரே செதுக்கியது என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். (நம்மூர்க் காதலர்கள் மட்டும்தான் கோயில் தூணில் பெயர் எழுதுவார்கள் என்று இனி யாரும் திட்ட முடியாது!) இருட்டியதும் பஸ் ஏறி ஏதென்ஸ். அவ்வளவுதான் சூனியோன்.

இதில் என்ன தப்பு? அழகான இடத்துக்குப் போய் அழகைப் பார்ப்பதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துகள் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "அடேயப்பா, எவ்வளவு பணக்காரக் கம்பெனி!" என்று ஃபைலை மூடுகிறவரை யாராவது கணக்குத் தெரிந்தவர் என்பார்களா? பொறுப்புகள் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே! சூனியோனுக்கும் இருக்கிறது. அதே கடற்கரையில் வடக்கே 10, 12 கிலோமீட்டர் நடந்தால் அது கண்ணில் படும்.

அந்த ஊரின் பெயர் லாவ்ரியோ. அதற்கும் கொஞ்சம் வடக்கே தோரிகோஸ். பழைய ஏதென்ஸின் கஜானா இந்த மலைகளுக்குள்தான் இருந்தது. ஈயத்தோடு கலந்த வெள்ளித் தாது. தோரிகோஸில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பே தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

கி.மு. 483-ஐ ஒட்டி இங்கே ஒரு பெரிய வெள்ளிப் படிவம் அகப்பட்டது. ஏதென்ஸ்காரர்களுக்கு ஒரே குஷி. குடிமகன் ஒவ்வொருவருக்கும் தலைக்கு 10 டிராக்மா பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அப்போது தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவர் எழுந்து, பிரிக்க வேண்டாம், போர்க்கப்பல் கட்டலாம் என்றார். டிவிடெண்ட் வேண்டாம், மறுமுதலீடு செய்யலாம் என்பதுதான் அவர் சொன்னது. ஹெரோடோட்டஸ் கணக்குப்படி 200 கப்பல்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, கி.மு. 480-இல், சலாமிஸ் நீரிணையில் பாரசீகக் கடற்படையை ஓடவிட்டதில் பெரும்பங்கு அந்தக் கப்பல்களுக்குத்தான். வெற்றிக்குக் காணிக்கையாக, எதிரியிடம் பிடித்த கப்பல்களில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்த இடம் எது தெரியுமா? சூனியோன்! அங்கே முன்பு எழுந்துகொண்டிருந்த கோயிலைப் பாரசீகர்கள் இடித்துவிட்டுப் போக, அதே இடத்தில் பிறகு எழுந்ததுதான் இன்று எல்லோரும் படம் பிடிக்கும் கோயில்.

வணிகவியல் வகுப்பில் மறுமுதலீட்டுக்கு உதாரணம் கேட்டால் தெமிஸ்டோக்ளீஸைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த வெள்ளியைத் தோண்டியது யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தோண்டியவர்கள் அடிமைகள். சுரங்கப் பாதைகள் பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூடக் கிடையாது. நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்தோ படுத்தோதான் வேலை. ஒரு சின்ன எண்ணெய் விளக்கு, ஒரு சுத்தியல், ஒரு உளி. விளக்குப் புகையும் கல்தூசியும் ஈயமும்தான் மூச்சுக்காற்று.

இந்த வியாபாரத்தின் கணக்கை செனஃபோன் எழுதி வைத்திருக்கிறார். நிக்கியாஸ் என்று ஒரு பெரிய மனிதர், ஏதென்ஸின் தளபதி. அவரிடம் சுரங்க வேலைக்கென்றே 1000 அடிமைகள் இருந்தார்கள். அவர்களை சோசியாஸ் என்ற ஒப்பந்தக்காரரிடம் வாடகைக்கு விட்டார். ஆளுக்கு, நாளுக்கு, 1 ஓபோல். கூடவே ஒரு நிபந்தனை: எண்ணிக்கை எப்போதும் ஆயிரமாகவே இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் ஒப்பந்தக்காரர் ஈடுகட்ட வேண்டும்.

இந்த நிபந்தனையை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். ஆள் ஏன் குறையும்? ஓடிப் போகலாம், செத்தும் போகலாம். சாவு ஒரு செலவுக் கணக்கு. அது யார் தலையில் விழும் என்பதுதான் ஒப்பந்தத்தில் பேச்சு. 6 ஓபோல் சேர்ந்தால் 1 டிராக்மா. அந்த நூற்றாண்டின் கடைசியில் அக்ரோபோலிஸில் கோயில் கட்டியவர்களின் தினக்கூலி 1 டிராக்மா. 166 பேர் ஒரு நாள் முழுக்கக் கல் செதுக்கிச் சம்பாதிப்பதை நிக்கியாஸ் திண்ணையில் உட்கார்ந்தே சம்பாதித்தார்.

சரி, சுரங்கத்துக்கும் கோயிலுக்கும் நேரடியாக என்ன சம்பந்தம், சும்மா முடிச்சுப் போடக்கூடாது என்று சிலர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். இந்த வெள்ளியை உருக்கித்தான் இந்தத் தூணுக்குக் கூலி கொடுத்தார்கள் என்று ரசீது காட்ட முடியாது. ஆனால் சூனியோனுக்குப் பின்னால் அக்ரிலெசா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கோயிலுக்குப் பளிங்கு வெட்டியது அங்கேதான். அந்தப் பளிங்கில் இரும்புச் சத்து இல்லை, அதனால்தான் தூண்கள் இத்தனை நூற்றாண்டுகளாக வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. அதே பள்ளத்தாக்கில்தான் தாது கழுவும் களங்களும் இருக்கின்றன. மழை குறைவான பூமி என்பதால் பாறையைக் குடைந்து தொட்டி கட்டி, மழைநீரைச் சேர்த்து, அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுத் தாதுவைக் கழுவியிருக்கிறார்கள். தொட்டிகளும் வாய்க்கால்களும் இன்னும் அங்கே கிடக்கின்றன. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு வேலை. ஒன்றின் பலன் போஸ்ட்கார்டில், இன்னொன்று புதருக்குள்.

இதற்கு மேலும் ஒரு கதை உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்க அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். காவலர்களைக் கொன்றார்கள். நேராகப் போய் ஒரு கோட்டையைப் பிடித்து, அங்கிருந்தபடி வெகுகாலம் அந்தப் பிரதேசத்தைக் கலக்கினார்கள் என்று அதீனேயஸ் என்ற பழைய எழுத்தாளர் குறிப்பிடுகிறார். அவர்கள் பிடித்தது சூனியோன் கோட்டையை, அதாவது அந்தக் கோயில் நிற்கும் அதே முனையை. மாலையில் மேற்கே பார்த்து நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு, தங்கள் காலடியில் ஒரு காலத்தில் சுரங்கத்து அடிமைகள் ஆயுதத்தோடு நின்றார்கள் என்று தெரியும்? பைரன் பெயர் எந்தத் தூணில் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

பெயர் என்றதும் இன்னொன்று. சுரங்கத்து ஆட்களின் பெயர்களில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. லாவ்ரியோவில் கிடைத்த கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்றில் அடோடாஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் பெயர் இருக்கிறது. கருங்கடல் பக்கத்துப் பாஃப்லகோனியாவிலிருந்து வந்தவர். தன் பரம்பரை டிராய் போரில் மடிந்த ஒரு மன்னனிடமிருந்து வருவது என்று பெருமையாகச் சொல்கிறது அந்தக் கல். பைரன் பெயரைப் பார்க்கக் கொடுக்கும் ஒரு நிமிடத்தில் பாதியாவது அடோடாஸுக்குக் கொடுக்கலாம்.

பழங்காலக் கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு லாவ்ரியோ வேறு பதில் வைத்திருக்கிறது. பழைய ஆட்கள் கொட்டிவிட்டுப் போன கசடில் மிச்சம் இருந்த உலோகத்தை எடுக்க 1864-இல் செர்பியேரி என்ற இத்தாலியர் பிரெஞ்சுப் பங்காளிகளோடு வந்து சேர்ந்தார். கசடு யாருடையது, கம்பெனியுடையதா அரசாங்கத்துடையதா என்று பெரிய தகராறு. இத்தாலியும் பிரான்சும்கூடத் தலையிட்டன. 1873-இல் சிங்ரோஸ் என்ற வங்கிக்காரர் கம்பெனியை வாங்கிப் பங்குகளை வெளியிட்டார். கசடுக்குள் தங்கமே இருக்கிறது என்று வதந்தி! ஏதென்ஸில் ஆளாளுக்குப் பங்கு வாங்கினார்கள். விலை ஏறியது, பிறகு சரிந்தது, சாதாரணக் குடும்பங்கள் பணத்தை இழந்தன. ஏதென்ஸில் முறையான பங்குச் சந்தை வந்ததே 1876-இல்தான். சந்தை வருவதற்கு முன்பே சரிவு வந்துவிட்டது.

1896-இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ரத்தத்தில் முடிந்தது, ராணுவம் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கம், உலை எல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிரெஞ்சுக் கம்பெனியின் வளாகத்தில் பின்னர் ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு தொழில்நுட்பப் பூங்கா நடத்த ஆரம்பித்தது. கப்பலில் தாது ஏற்றக் கட்டிய இரும்புப் பாலம் துறைமுகத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றுவட்டார மண்ணில் ஈயம் தங்கிவிட்டது. குழந்தைகளின் ரத்தத்திலும் அது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டின. 2500 ஆண்டுக் கடன், இன்னும் அடைபடவில்லை.

கரையோரமாக நடக்கும்போது கிழக்கே ஒரு நீண்ட மொட்டைத் தீவு கூடவே வந்துகொண்டிருக்கும். அதன் பெயர் மக்ரோனிசோஸ். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1947 முதல், இடதுசாரிகள் என்று சந்தேகிக்கப்பட்ட போர்வீரர்களையும் பொதுமக்களையும் அங்கே அடைத்து, "திருத்துகிறோம்" என்று வதைத்தார்கள். கவிஞர் யானிஸ் ரிட்சோஸ், இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் இருவரும் அங்கே கைதிகளாக இருந்தவர்கள். அந்தக் கைதிகளைக் கொண்டு அங்கே கட்டவைத்த பொருள்களில் ஒன்று, சிறிய பார்த்தினன் கோயில் மாதிரிகள்! பழம்பெருமையைப் பார்த்தால் மனம் திருந்திவிடுமாம். 1989-இல் தீவு வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் இடிந்து கிடக்கின்றன.

வெள்ளைத் தூண்களின் அழகை மட்டும் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மக்ரோனிசோஸே சாட்சி. அழகை வைத்து எதையும் மூடலாம். அடிமையை மூடலாம், கைதியையும் மூடலாம். அதனால்தான் இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பாதிக் கணக்கோடு திரும்பக்கூடாது.

கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடிப்பிடித்து நுழையும் இளைஞர் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க உண்டு. "நாங்கள் கோயில் பக்கம் போவதில்லை, துருப்பிடித்த ஆலைதான் எங்களுக்கு" என்பார்கள். அவர்களும் செய்வது அதேதான். அஸ்தமனத்துக்குப் பதில் துரு, அவ்வளவுதான் வித்தியாசம். யார் வேலை செய்தார்கள், ஏன் மூடினார்கள் என்று கேட்காவிட்டால் உடைந்த ஜன்னலும் ஒரு போஸ்ட்கார்டுதான். (இன்னொரு விஷயம்: லாவ்ரியோ மலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சுரங்கக் குழிகள் உள்ளன. சாகசம் என்று தனியாக இறங்கினால் மேலே வர ஏணி கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பதே புத்திசாலித்தனம்.)

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? ரொம்பச் சுலபம். வரிசையை மாற்றினால் போதும். நம்மூர்ப் பாடப்புத்தகத்துப் பேலன்ஸ் ஷீட்டில் இடது பக்கம் பொறுப்புகள், வலது பக்கம் சொத்துகள். அதே வரிசையில் நடக்க வேண்டியதுதான். காலையில் தோரிகோஸ். அங்கே வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இழுத்த மாதிரி ஒரு கல் அரங்கம் இருக்கிறது; கிரேக்கத்தின் மிகப் பழைய அரங்கங்களில் ஒன்று. அதன் பக்கத்திலேயே சுரங்க வாய், தாது கழுவும் களம். ஒரு பக்கம் நாடகம் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், கூப்பிடு தூரத்தில் ஆட்கள் தவழ்ந்திருக்கிறார்கள். மதியம் லாவ்ரியோ துறைமுகம், மீன் சாப்பாடு. பிறகு கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடை. முழுவதும் தனி நடைபாதை கிடையாது, பல இடங்களில் கார் ஓடும் சாலையோரம்தான். மக்ரோனிசோஸ் கூடவே வரும்.

சாயங்காலம் சூனியோன் போய்ச் சேரும்போது அதே சூரியன், அதே தூண்கள், அதே கூட்டம். கோயிலின் அழகு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஆனால் அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தபின் பார்க்கும் அழகு அது. அப்போதும் படம் எடுக்கலாம், தாராளமாக. ஒரே ஒரு படம் மட்டும் மேற்குக்கு முதுகைக் காட்டி, வடக்கே அந்த மலைகளைப் பார்த்து எடுத்தால் கணக்கு சரியாக டேலி ஆகும்!