பிரஷர் இல்லைன்னா உடனே பம்ப்பா?

டாலஸ் பக்கம் வீடு வாங்கின நம்ம ஆளுங்க ரெண்டு பேர் கோடையில சந்திச்சா, பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில புல்லுக்குத்தான் வந்து நிக்கும். போன மாசம் அந்தப் புலம்பல் என் முறை. கொல்லைப்புற ஸ்பிரிங்க்ளர் படுத்துடுச்சு. தலை பாதிதான் எழும்புது. பன்னிரண்டு அடி போக வேண்டிய தண்ணி நாலடியில சோர்ந்து விழுது.

பார்க்க வந்தவர் வால்வுப் பெட்டியைக்கூடத் திறக்கலை. "இந்த ஏரியாவுலயே பிரஷர் கம்மி, பூஸ்டர் பம்ப் போட்டுடலாம்"னு ஆயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கணக்கு குடுத்துட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணினேன். எங்க ஊர் சாந்திபுரம். சித்தூர் மாவட்டம், குப்பம் பக்கம். வெளியில தெலுங்கு, வீட்டுக்குள்ள தமிழ். அப்பா தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டு வருஷக்கணக்காச்சு. என் கதையைக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"எல்லாப் பக்கமும் கம்மியா, ஒரு பக்கம் மட்டுமாடா?"

"கொல்லைப்புறம் மட்டும்தாம்பா."

"அப்ப மோட்டார் மேல ஏன் பழி போடறே? தண்ணி வழியில எங்கியோ போவுது. போய்த் தேடு."

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வைத்தியம் முடிஞ்சுடுது, பாருங்க.

எல்லா ஸோனிலும் கம்மின்னா, கோளாறு எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல இருக்கு. முதல்ல நேரத்தைப் பாருங்க. டாலஸ் நகரத்துல 2012-லேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள்தான் ஸ்பிரிங்க்ளர் போடலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10-லேர்ந்து சாயந்திரம் 6 வரைக்கும் கூடாது. நல்ல விதிதான். ஆனா தெருவே விடிகாலை அஞ்சு மணிக்குத் திறந்தா பிரஷர் இறங்கத்தான் செய்யும். ரெண்டு மணிக்கு மாத்திப் பாருங்க. அடுத்து, தண்ணி திரும்பிப் போகாம தடுக்கற வால்வுல இருக்கற ரெண்டு கைப்பிடியும் முழுசாத் திறந்திருக்கான்னு பாருங்க. குழாய்க்கு நேரா இருந்தாத்தான் திறந்திருக்குன்னு அர்த்தம். அப்புறம் வெளிக்குழாய்ல ஒரு பிரஷர் மீட்டரை மாட்டி அளந்துடுங்க. ஸ்பிரே தலைக்குச் சுமார் 30 பிஎஸ்ஐ வேணும். ஊர் கணக்குல ரெண்டு கிலோ பிரஷர். முப்பதடி உயரத்துல தொட்டி வெச்சாக்கூட 13 பிஎஸ்ஐதான் வரும், நினைச்சுக்குங்க.

ஒரு ஸோன் மட்டும்னா, அந்த ஸோனை ஓட விட்டுட்டு நடந்து பாருங்க. நாசிலுக்கு அடியில விரல் நுனி அளவு ஒரு சல்லடை இருக்கும், கழட்டிக் கழுவுங்க. ஸோன் வால்வு முழுசாத் திறக்குதான்னு பாருங்க. தண்ணி மீட்டர் சுத்தலைன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. கசிவு வால்வுக்கு அந்தப்பக்கம் இருந்தா, ஸோன் ஓடும்போதுதான் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. வேலி ஓரமா ஒரு திட்டு மட்டும் கரும்பச்சையா, கொழுகொழுன்னு புல். தங்கமணி அதைக் காட்டி, "இங்க மட்டுமாவது நல்லா வளருதே"ன்னு சந்தோஷப்பட்ட இடம்! தோண்டினா குழாய் விரிசல். இங்கத்துக் களிமண் காய்ஞ்சா சுருங்கும், நனைஞ்சா உப்பும். குழாய் என்ன பண்ணும் பாவம். பத்து டாலர் சாமான், ஒரு சனிக்கிழமை. பம்ப் போட்டிருந்தேன்னா அந்த விரிசல் வழியா இன்னும் வேகமாத் தண்ணியை ஊத்தியிருப்பேன், பணமும் குடுத்து.

இதை நான் வெறும் புல் விஷயமா நினைக்கலை. எங்க பக்கம் அம்பது வருஷமா இதே தப்பைத்தான் பண்ணினோம். தண்ணி கம்மியா? இன்னும் ஆழமா போர் போடு, இன்னும் பெரிய மோட்டார் வை. ஆயிரம் அடி தாண்டியும் போட்டாங்க. என் காலேஜுக்குன்னு வெச்சிருந்த பணம் ஒரு போர்ல புழுதியாப் போச்சு. அதுக்கப்புறம்தான் அப்பா சொட்டுநீருக்கு வந்தார். 1990-களின் கடைசியிலயே இஸ்ரேல் தொழில்நுட்பத்துல குப்பத்துல பண்ணை போட்டுக் காட்டினாங்க. 2003-ல ஆந்திர அரசு நுண்ணீர்ப் பாசனத் திட்டமே தொடங்கிச்சு. எங்களுக்குப் புத்தி வர ஒரு போர் காய வேண்டியிருந்துச்சு.

இங்க மட்டும் என்ன வாழுதாம்? புல்லுக்கும் தோட்டத்துக்கும் விடற தண்ணியில பாதி வரைக்கும் வீணாகலாம்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையே சொல்லுது. அதுவும் குடிக்கிற தண்ணி. ஊர்ல ஒரு குடத்துக்கு வரிசையில நின்ன நாமதான், இங்க பில் கட்டறோமேன்னு கண்டுக்காம விடறோம்.

2025 ஆகஸ்டுல ஹந்திரி-நீவா கால்வாய் வழியா கிருஷ்ணா தண்ணியே குப்பம் வரைக்கும் வந்துடுச்சு. "இனிமே கவலை இல்லையேப்பா"ன்னேன்.

"வந்தா வரட்டும். நான் காலையில பில்டர் கழுவறதை நிறுத்தலை"ன்னார்.

அதனால, பம்ப்புக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கொல்லையைச் சுத்தி நடந்துட்டு வந்துடுங்க. ரொம்பப் பச்சையா ஒரு திட்டு இருந்தா, சந்தோஷப்படாம மண்வெட்டியை எடுங்க.