கீழ்ப்படிதல் உடன்பாடு ஆகுமா? மோர்பாத் கணக்கேட்டை முன்வைத்து

இங்கிலாந்தின் சமயச் சீர்திருத்தத்தை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் மன்னர்களில் தொடங்கி நாடாளுமன்றச் சட்டங்களில் முடிகின்றன. ஆணை பிறந்தது, ஊர் பணிந்தது என்று அவை கதையை முடித்துவிடுகின்றன. அந்தப் பணிவின் பொருள் என்ன என்ற வினாவுக்கு டெவன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வரவு செலவுக் கணக்கு வேறு விடை தருகிறது.

எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு விளிம்பில் உள்ளது மோர்பாத். பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவை 33 குடும்பங்கள். 1520 முதல் 1574 வரை அதன் பங்குக்குருவாக இருந்தவர் கிறிஸ்டோபர் டிரிக்கி. கோயில் கணக்கைத் தம் கையால் எழுதி, ஊரார் கூடியிருக்க உரக்கப் படித்துக் காட்டியவரும் அவரே. எனவே அந்த ஏட்டின் நடை எழுத்தைவிடப் பேச்சுக்கே நெருக்கமானது. இமான் டஃபி 2001இல் வெளியிட்ட ‘மோர்பாத்தின் குரல்கள்’ என்னும் நூல் இந்த ஏட்டை உலகறியச் செய்தது.

சீர்திருத்தத்துக்கு முன் அவ்வூரின் பக்தி ஆடுகளைச் சார்ந்திருந்தது. புனிதர்களின் சுரூபங்கள் முன் எரியும் விளக்குகளுக்குத் தனித்தனி நிதிகள் இருந்தன. பல நிதிகளுக்குச் சொந்தமாக ஆடுகளும் இருந்தன. அவற்றை ஊரார் தத்தம் மந்தையோடு சேர்த்து மேய்த்தனர். கம்பளி விற்ற பணம் கோயிலுக்குச் சென்றது. இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி என்று பொறுப்பும் பகிரப்பட்டிருந்தது. ஆகவே 1538இல் சுரூபங்களின் முன் விளக்கேற்றத் தடை வந்தபோது, அது வழிபாட்டோடு நில்லாமல் ஊர் தன்னைத்தானே நிர்வகித்துக்கொண்ட முறையையும் தாக்கியது. எட்வர்டு மன்னரின் ஆட்சியில் ஆடுகளும் நிதிகளும் மறைந்தன, கோயில் வறுமையுற்றது. இறந்தோருக்கான பூசைக்குக் கறுப்புத் திருவுடை வாங்க டிரிக்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணம் சேர்த்தார். உடை வந்து சேர்ந்த 1547இலேயே அந்த வழிபாடு ஒடுக்கப்படத் தொடங்கியது.

ஏட்டில் எதிர்ப்புக் குரல் எங்கும் ஒலிக்கவில்லை. ஆணைப்படி வாங்க வேண்டியவை வாங்கப்பட்டன. அகற்ற வேண்டியவை அகற்றப்பட்டன. ஆனால் 1549ஆம் ஆண்டுக் கணக்கில் ஐந்து இளைஞர்களுக்கு ஆயுதமும் வழிச்செலவும் தந்த குறிப்பு உள்ளது. எக்ஸிடருக்கு வெளியே பாளையமிறங்கியிருந்த கலகக்காரர்களிடமே அவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று டஃபி நிறுவுகிறார். ஆங்கிலத்தில் அமைந்த புதிய பொது வழிபாட்டு நூலை எதிர்த்து எழுந்தது அந்தக் கலகம்.

தாய்மொழி வழிபாடு என்றாலே விடுதலை என்று கருதுவோர் இங்குச் சற்று நிற்க வேண்டும். தங்களுள் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்று கார்ன்வால் கலகக்காரர்கள் கூறியது எளிதில் விளங்குகிறது. மோர்பாத் மக்களோ ஆங்கிலம் பேசியவர்கள். அவர்களும் இலத்தீன் பூசையின் பக்கம் நின்றார்கள் என்றால், சொற்பொருள் விளங்குவது மட்டுமே வழிபாட்டு மொழியின் பயன் என்ற கருத்து போதாது. அந்த மொழியோடு விளக்கும் ஆடும் இறந்தோர் நினைவும் பிணைந்திருந்தன. பிணைப்பை அறுத்துவிட்டு மொழியை மட்டும் அளித்தது அரசு.

1553இல் மேரி அரசியானதும் மற்றொரு செய்தி வெளிப்படுகிறது. அகற்றப்பட்ட கோயில் பொருள்கள் பல ஊரார் வீடுகளிலிருந்து திரும்பி வந்தன. எட்வர்டு காலக் கணக்கை மட்டும் படிப்பவர் அவை அழிந்தன என்றே முடிவுகட்டியிருப்பார்.

ஒரு குருவின் கையெழுத்தை ஊரின் குரலாகக் கொள்ளலாமா என்ற ஐயம் நியாயமானதே. எலிசபெத் காலத்தில் அவரும் புதிய முறைக்குப் பழகிக்கொண்டார் என்பதையும் மறைக்கலாகாது. பணிவு காலப்போக்கில் உடன்பாடாகக் கனியக்கூடும். ஆயினும் அதிகாரம் கேட்டுப் பெறும் ஆவணத்தில் அதிகாரம் கேட்க விரும்பியதே முதலில் பதிவாகிறது. அதில் எதிர்ப்பு இல்லை என்பதை உடன்பாட்டுக்குச் சான்றாகக் காட்டும் ஆய்வு, ஆணையிட்டவரின் கூற்றையே திரும்பச் சொல்கிறது. சிற்றூர்களின் கணக்கேடுகளை எண்களுக்காக மட்டும் புரட்டுவோர் இழப்பது சிறிதன்று.