பிராஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு

ஊரிலிருந்து தகப்பனாரை வரவழைத்து, இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிராஸ்டேட் சஸ்திர சிகிச்சை செய்வித்து, இரண்டு மாதம் கழிந்ததும் ரயிலேற்றி அனுப்பிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. காயம் அதற்குள் ஆறிவிடும். ஆனால் இச்சிகிச்சையின் பின்விளைவுகளிற் சில, மாதங்களும் ஆண்டுகளும் கடந்தே தலைகாட்டுவன. அப்போது அவர் கும்பகோணத்தில் இருப்பார். மகன் இங்கே இருப்பான். கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இதனை வாசிக்க வேண்டுகிறேன்.

மூத்திரப்பையின் கழுத்தில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து நிற்கும் இச்சுரப்பி முதுமையில் பருத்துக் குழாயை நெருக்குகிறது. நெடுங்காலம் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, ஓய்வு பெற்று லண்டன் சென்ற பீட்டர் ஃப்ரேயர், 1900-ஆம் ஆண்டில் அடிவயிற்றைத் திறந்து, பருத்த பாகத்தை விரலாலேயே அகழ்ந்தெடுத்துப் புகழ் பெற்றார். மிகப் பெரிதாய்ப் பருத்த சுரப்பிக்கு வயிற்றைத் திறக்கும் முறை இன்றும் உண்டு.

இப்போது மிகுதியாய் வழங்குவது, வெளிக்காயமின்றிச் சிறுநீர்க் குழாய் வழியே கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் செதுக்கும் முறை. இதற்குப் பின் பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு விந்து வெளிவராமல் மூத்திரப்பைக்குள் திரும்பிவிடும். உடலுக்குத் தீங்கில்லை, பெரும்பாலோர்க்கு ஆண்மையும் குன்றாது. ஆயினும் முன்னதாகச் சொல்லாவிடில் மனிதர் கலங்கிப் போவார். மற்றொன்று, உள்ளே வடு இறுகிக் குழாய் சுருங்குதல். இது சிலருக்கே நேரும். சிறுநீர்த் தாரை மீண்டும் மெலியும்போது, 'வயதாகிவிட்டது' என்று பெரியவர் சும்மா இருந்துவிடுவதுதான் அபாயம். சில ஆண்டுகள் கழித்து, எஞ்சிய திசு மறுபடி வளர்வதும் உண்டு.

லேசர் ஒளியால் உட்பாகம் முழுவதையும் பெயர்த்தெடுத்தால் மறுவளர்ச்சி அரிது. முதற் சில மாதங்கள் இருமினால், தும்மினால் சிறுநீர் கசியலாம். விந்து பின்னோக்கிச் செல்வது இதிலும் மிகுதி. சுரப்பியைச் சிறு கொக்கிகளால் இழுத்துக் கட்டும் புதுமுறையோ விந்தைக் காக்கும். ஆனால் ஆராய்ச்சி ஒன்றில் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மறுசிகிச்சை வேண்டியதாயிற்று.

புற்றுநோய்க்காகச் செய்வது முற்றிலும் வேறு. அங்கே சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். ஆண்மைக்குரிய நரம்புகள் அதன் பக்கத்தில் ஒட்டியே ஓடுகின்றன. அவற்றைக் காக்கும் வழியை பாட்ரிக் வால்ஷ் 1982-இல் கையாண்டு காட்டினார். எனினும் இழப்பு முற்றிலும் நீங்கவில்லை. 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதத்தில் 100-க்கு 46 பேர் கசிவுக்காகத் துணிப்பட்டை அணிந்தனர்; ஆறாம் ஆண்டில் அது 17 ஆயிற்று. ஆண்மைக் குறைவோ அவ்வளவு மீளவில்லை. ரோபோ இயந்திரத்தால் செய்தால் இவையெல்லாம் வாரா என்று விளம்பரத்தைக் கண்டு நம்புவோர் பலர். ரத்தச் சேதம் குறையும், உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவில் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, இரண்டாண்டு முடிவில் கசிவிலும் ஆண்மையிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இயந்திரத்தின் பெயரை விசாரிப்பதைவிட, வைத்தியர் இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்தார் என்று விசாரிப்பது பயனுள்ளது.

சாதாரண வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவருக்குச் சுரப்பியின் புறப்பகுதி உடலிலேயே தங்குகிறது. அதிற் பிற்காலத்தில் புற்று தோன்றக்கூடும். 'எடுத்தாயிற்றே' என்று ரத்தப் பரிசோதனையை அடியோடு கைவிடலாகாது. வைத்தியரைக் கேட்டே முடிவு செய்க.

தகப்பனார் ஊருக்குத் திரும்புமுன், செய்த சிகிச்சை இன்னதென்ற சீட்டையும், எடுத்த திசுவின் பரிசோதனை முடிவையும் பிரதியெடுத்து அவர் பெட்டியில் வையுங்கள். எந்த முறை என்று தெரியாவிடில் அங்குள்ள டாக்டர் ஆதியிலிருந்து தொடங்க நேரும். மாதம் ஒருமுறை, தாரை மெலிந்ததா, கசிவு உண்டா, ரத்தம் கண்டதா என்று மகனே தொலைபேசியிற் கேட்கட்டும். மருமகளிடம் இதைச் சொல்ல அவருக்கு நா எழாது.